பாலைக் காய்ச்சினா ஈயம் போகுமா?

வடசென்னையில கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் லாரி குப்பை கொட்டும், இன்னொரு பக்கம் மாடுங்க சாவகாசமா மேயும். மாட்டு வயித்துல இத்தனை கிலோ பிளாஸ்டிக்னு செய்தி வந்தா ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டுப் போயிடுறோம். பிளாஸ்டிக்கையாவது ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஈயத்தை?

பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, உடைஞ்ச எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் பிரிக்காம அங்கதான் போய் விழுது. அதுல இருக்கிற உலோகம் மழையில கசிஞ்சு மண்ணுக்கும் தண்ணிக்கும் புல்லுக்கும் போகும். மாடு நேரா பேட்டரியையே நக்கவும் செய்யும். விழுங்கின ஈயத்துண்டு கனமா இருக்கிறதால ரெண்டாவது இரைப்பையில தங்கி, கொஞ்சம் கொஞ்சமா கரையும். அசைபோட்டாலும் மேல வராது.

அடுத்து நடக்கிறதுதான் விஷயமே. உடம்பு ஈயத்தைக் கால்சியம்னு நினைச்சு எலும்புல சேர்த்து வைக்கும். பால் சுரக்கக் கால்சியம் நிறைய வேணும். அதை எலும்புல இருந்து எடுக்கும்போது ஈயமும் கூடவே கிளம்பி வரும். மாடு பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

பாலுக்கு நம்ம வீட்டு வைத்தியம் காய்ச்சுறது. கிருமிக்குச் சரி. ஈயம் ஆவியாகாதே! சுண்டச் சுண்ட, மிச்சப் பால்ல அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும். பாலுக்கான சர்வதேச வரம்பு கிலோவுக்கு வெறும் 0.02 மில்லிகிராம். காரணம் குழந்தைங்க. அவங்க மூளைக்கு ‘இவ்வளவு ஈயம் பரவாயில்லை’ன்னு ஓர் அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

காட்மியம் வேற ரகம். பால்ல அதிகம் வராது, ஈரல்லயும் கிட்னியிலயும் தங்கும். ஐரோப்பிய யூனியன் மாட்டிறைச்சிக்கு வச்ச காட்மிய வரம்பு 0.05 மில்லிகிராம், கிட்னிக்கு 1. இருபது மடங்கு! எங்க சேரும்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு.

கொடுங்கையூர்ப் பால் முழுக்க விஷம்னு நான் சொல்லல. பரிசோதிக்காம அப்படிச் சொல்றது தப்பு. மாடு வளர்க்கிறவங்களைத் திட்டுறதும் எனக்குப் பிடிக்கல. மேய்ச்சல் நிலமெல்லாம் அபார்ட்மென்ட் ஆன ஊர்ல அவங்க எங்க போவாங்க? அந்தப் பாலை முதல்ல குடிக்கிறதும் அவங்க பிள்ளைங்கதான்.

பேட்டரி நம்ம வீட்டுல இருந்துதானே போகுது. 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி, தயாரிச்ச கம்பெனிதான் பழசைச் சேகரிக்கப் பொறுப்பு. புதுசு வாங்குற கடையில பழசைக் கொடுத்துப் பாருங்க. வாங்கலைன்னா ஏன்னு கேளுங்க.