மருந்துக்கடையில் ஒரு குருகுலம்



கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கழுகுமலை. அங்குள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்தில் பொறித்த பெயர்கள் பல. குரவர், குரத்தியர் பெயர்களோடு அவர்தம் மாணாக்கர் பெயர்களும் அவற்றுள் உண்டு. இன்னாரிடம் பயின்றவர் என்பதே அன்று ஒருவர்க்கு அடையாளம். அவ்வுறவு அக்கரிசல் வட்டாரத்து மருந்துக்கடைகளில் இன்றும் நிலவுகிறது, பேசுவார்தாம் குறைவு.

மருந்தாளுநர் பட்டயம் பயில்வோர் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் செயல்முறைப் பயிற்சி பெறல் வேண்டும். அதில் 250 மணி நேரமேனும் மருத்துவர் சீட்டின்படி மருந்து வழங்குவதில் கழிதல் வேண்டும். கற்பிக்கும் மருந்தாளுநரின் மனநிறைவைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அம்மனநிறைவு எங்கே பிறக்கிறது? இன்சுலினை எடுத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பியும் உண்டு. 100 அலகு கொண்டதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஊசி வேறு. 40 அலகுக் குப்பிக்கு 100 அலகு ஊசியைக் கொடுத்துவிட்டால், நோயாளி கோட்டைச் சரியாகப் பார்த்து ஏற்றினும் வேண்டியதில் பாதிகூட உள்ளே செல்லாது. எதிர்மாறாக நேர்ந்தால் இரண்டரை மடங்கு சென்று உயிருக்கே கேடாகும். தீப்பெட்டி ஆலையில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிவார்? பல்லாண்டுப் பழக்கத்தால் கை தானாக எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநரிடம், “சார், இந்த ஊசிக்கு மட்டும் மூடி ஏன் சிவப்பு?” என்று மாணவி கேட்கிறாள். அவர் நின்று விளக்குகிறார். தாம் வெறும் விற்பனையாளர் அல்லர் என்பது அப்போது அவருக்கே நினைவுக்கு வருகிறது. மறுவாரம் அதே விளக்கத்தை அம்மாணவி முதியவருக்குச் சொல்வதைக் கேட்கும் மகிழ்ச்சி, மாதச் சம்பளத்தில் அடங்குவதன்று.

கடைக்கே வாராத மாணவருக்கு 500 மணி நேரம் நிறைந்ததெனக் கையொப்பமிடுவோர்க்கு இம்மகிழ்ச்சி கிட்டாது. அது பொய்யுரை மட்டுமன்று. அறியாத கையிடம் ஊசியை ஒப்படைக்கும் இம்சையுமாகும்.

நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் சாத்திர தானமும் தனித்தனியே எண்ணப்படுவன. மருந்தை விற்பது தானமாகாது, கற்பிப்பது ஆகலாம். ஆயினும் நேரம் வேண்டுமே! கூட்டம் மிகுந்த மாலைப்பொழுதில் எவராலும் கற்பிக்க இயலாது. மருந்துக்கடை நடத்தும் குடும்பத்தார், நண்பகலுக்குப் பின் கூட்டம் ஓயும் ஒரு மணி நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் மருந்தாளுநருக்கும் மாணவருக்கும் விட்டுக்கொடுக்கலாம்.