சோற்றுக்கு வழி நம்பிக்கையா? அறிவா?



ஏழை நாடுகளில் உணவுப் பஞ்சம் தீர வழி என்ன, அந்த வழி ஒரு வருஷத்தோடு முடிந்து போகாமல் நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் விவசாயக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற நிபுணருமல்ல. நூறு வேலி நிலம் வைத்திருக்கும் மிராசுதாருமல்ல. படித்துத் தெரிந்து கொண்டதை யோசித்துப் பார்த்துச் சொல்லுகிறோம், அவ்வளவுதான். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் வயலில் இறங்கிப் பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். இன்று நாம் சொல்லப் போகும் விஷயத்தின் சாரமும் இதுவேதான்.

பசியென்று வந்துவிட்டால் குடியானவனுக்குப் புத்தி சொல்லப் பலபேர் வந்துவிடுகிறார்கள். ஒருவன் "எல்லாம் தலைவிதி" என்கிறான். இன்னொருவன் "நான் உத்தியோகஸ்தன், சொன்னபடி செய்" என்கிறான். மற்றொருவன் "இந்தப் புட்டியை வாங்கித் தெளி, பூச்சி ஓடிவிடும்" என்கிறான். இவர்கள் ஒருவருக்கொருவர் சண்டைக்காரர்கள் போலத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையானவர்கள். அதாவது, மண்ணில் நிற்கிறவனுக்குச் சொந்த அறிவு கிடையாது என்பதே அது. இந்த எண்ணம் ஒரு பெரிய நாட்டின் சோற்றை எந்தக் கதிக்குக் கொண்டு வந்தது என்பதைப் பாருங்கள்.

இந்தோனேசியா 1970களில் வெளிநாட்டு அரிசியை மிகுதியாக வாங்கித் தின்ற நாடுகளில் ஒன்று. அந்நாட்டுச் சர்க்கார் புதுவகை நெல் விதை கொடுத்தது, ரசாயன உரம் கொடுத்தது, கடன் கொடுத்தது, வாய்க்கால் வெட்டியது. மகசூல் ஏறி, 1984ல் தன் தேவைக்குத் தானே அரிசி விளைவித்துக் கொண்டது. இது பாராட்ட வேண்டிய காரியமே. ஆனால் இவற்றோடு பூச்சி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்தின் விலையில் நூற்றுக்கு 80 பங்கு வரை சர்க்காரே ஏற்றுக்கொண்டது. பூச்சி இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது கிடையாது. விரத நாள் பார்ப்பது போல நாட்கணக்கு வைத்துத் தெளித்தார்கள்.

பலன் என்ன? புகையான் வந்தது. நம் நாட்டு நெல் வயல்களிலும் உள்ள பூச்சிதான் அது. பயிரின் அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்ச, வயல் நெருப்பில் வாட்டியது போலப் புகைந்து காய்ந்து விடும். 1977ல் மட்டும் இந்தோனேசியாவில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இதனால் நாசமானது. புகையானைத் தாங்கும் விதை கொடுத்தார்கள். சில வருஷங்களில் அந்த விதையையும் தின்னப் பூச்சி பழகிக்கொண்டது. மேலும் மருந்து தெளித்தார்கள். 1985, 1986ல் ஜாவாத் தீவில் மறுபடியும் வயல்கள் புகைந்தன.

மருந்து தெளித்தும் பூச்சி ஏன் பெருக வேண்டும்? தெளித்ததால்தான் பெருகிற்று. புகையான் தன் முட்டையைப் பயிரின் தண்டுக்குள்ளே செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியே ஓடித் திரியும் எட்டுக்கால் பூச்சியும், புகையான் முட்டையைக் குத்தி உறிஞ்சும் சிறு பூச்சிகளும்தான் முதலில் சாகின்றன. காவற்காரன் செத்தபிறகு முட்டை பொரிந்தால் திருடனுக்குத் தடை ஏது? பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தவர்கள் வயலில் எண்ணிப் பார்த்தபோது, தெளிக்காத வயலைவிடத் தெளித்த வயலில்தான் புகையான் பல மடங்கு இருந்தது. காசையும் கொடுத்து, காவலையும் கொன்று, திருடனையும் வளர்த்த கதை இது!

இந்த உண்மை எண்ணிக்கையோடு எதிரே வந்து நின்றதும், 1986 நவம்பரில் அந்நாட்டுச் சர்க்கார் 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டது. 1989க்குள் மருந்துக்குக் கொடுத்த மானியமும் நின்று, ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் சர்க்காருக்கு மிச்சமாயிற்று. "மருந்தில்லாவிட்டால் பஞ்சம்" என்று பயமுறுத்தினார்கள். பஞ்சம் வரவில்லை, மருந்து குறைந்தது, மகசூல் குறையவில்லை.

நிற்க, உத்தரவு மட்டும் போதுமா? போதாது. 1989ல் வயலிலேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். சுமார் 25 விவசாயிகள் சேர்ந்தது ஒரு பள்ளி. நாற்று நட்டது முதல் அறுவடை வரை வாரத்திற்கு ஒருநாள் காலையில் வயலில் இறங்கி, தூரைப் பிரித்து, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் படமாக எழுதி, தெளிக்க வேண்டுமா, வேண்டாமா என்று அவர்களே விவாதித்து முடிவு செய்ய வேண்டும். "இது என்ன பூச்சி?" என்று கேட்டால் வாத்தியார் பதில் சொல்லமாட்டார், "எங்கே இருந்தது? என்ன செய்து கொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். புகையானையும் எட்டுக்கால் பூச்சியையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறதென்று கண்ணால் பார்த்தார்கள். இளம்பயிரின் இலையில் ஒரு பங்கை வேண்டுமென்றே கத்தரித்து விட்டு, பயிர் திரும்பத் தழைக்கிறதா, கண்டுமுதல் குறைகிறதா என்று சோதித்தார்கள். பத்தாண்டுகளில் சுமார் பத்து லட்சம் விவசாயிகள் இப்படிப் படித்தார்கள். இதிலும் ஒரு குறை உண்டு. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள். பள்ளியில் உட்கார்ந்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள். வயலில் குனிகிறவளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் அது பாதிப் பள்ளிக்கூடமேயாகும்.

"அப்படியானால் ரசாயனத்தையெல்லாம் ஒரே நாளில் ஒழித்துவிடலாமே" என்று சிலர் சொல்லலாம். 2021ல் இலங்கைச் சர்க்கார் அப்படித்தான் செய்தது. அவ்வாண்டு மே மாதம் ரசாயன உரம், மருந்து எதுவும் நாட்டிற்குள் வரக்கூடாதென்று தடுத்தது. பதிலுக்குப் போதிய எரு தயாராயில்லை. விவசாயியைக் கேட்கவுமில்லை. நெல் விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையை விலக்கிக் கொள்ள வேண்டியதாயிற்று. இந்தோனேசியா எந்த மருந்து கெடுதி செய்கிறதென்று வயலில் பார்த்து அதை நிறுத்திற்று. நல்ல விதையையும் உரத்தையும் நிறுத்தவில்லை. மருந்தைக் கண்மூடி வணங்குவது ஒரு மூடநம்பிக்கையென்றால், கண்மூடிச் சபிப்பது மற்றொரு மூடநம்பிக்கையாகும்.

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவின் சங்கதி இதைவிட வேடிக்கையானது. அங்கே மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் "சுபக்" என்ற சபையாகக் கூடுகிறார்கள். பாலியிலும் ஜாதி உண்டு. ஆனால் இந்தச் சபையில் ஜாதி உயர்வு தாழ்வு செல்லாது, துண்டு நிலத்தானுக்கும் பெரிய நிலத்தானுக்கும் ஒரே வாக்கு என்பது முறை. எப்பொழுது நடுவது, எப்பொழுது எல்லோரும் சேர்ந்து வயலைத் தரிசாகப் போடுவது என்பதைத் தண்ணீர்க் கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970களில் வந்த நிபுணர்கள் "கோயிலாவது, முறையாவது! முடிந்தபோதெல்லாம் நடுங்கள்" என்றார்கள். ஆளுக்கொரு நாளில் நட்டார்கள். தண்ணீருக்குச் சண்டை வந்தது. எந்த நாளும் எங்கேயாவது பச்சைப் பயிர் இருந்ததால் பூச்சி வயலுக்கு வயல் தாவிப் பெருகிற்று. கடைசியில் பழைய முறைக்கே திரும்பினார்கள். பிறகு ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்ததிலும், குடியானவர்களின் முறையே நல்ல மகசூல் தரும் முறையென்று தெரிந்தது.

உடனே "பார்த்தீர்களா சாமியின் மகிமையை!" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். சாமி மடை திறக்கவில்லை, தோழர்களே! பெரும்பரப்பில் ஒரே காலத்தில் தரிசு போட்டால் பூச்சிக்கு ஆகாரமில்லை, அது சாகிறது. தண்ணீர் தலைமடைக்காரன் கையில் இருக்கிறது. ஆனால் கடைமடைக்காரன் தன்னோடு சேர்ந்து தரிசு போடாவிட்டால் தலைமடைக்காரனுக்கும் பூச்சி வரும். ஆகவே இருவரும் பேசித்தான் தீரவேண்டும். இது மனிதர்கள் பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் கண்ட அறிவு; பெயர்தான் சாமி பெயர். ஆனால் அந்த நிபுணர்கள் செய்ததும் பகுத்தறிவல்ல. கோயில் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே நடப்பதைப் பார்க்காமல் தள்ளிவிட்டார்கள். பார்க்காமல் நம்புவது மடமையானால், பார்க்காமல் தள்ளுவதும் மடமைதான்.

கடைசியாக ஒன்று. ஜாவாவில் அந்தப் பெருந்திட்டம் 1999ல் முடிந்தது. மருந்து வியாபாரம் மீண்டும் ஓங்கிற்று. 2010, 2011ல் புகையான் மறுபடியும் ஜாவா வயல்களைத் தீய்த்தது. இதிலிருந்து தெரிவதென்ன? அறிவு ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகும் பிரசாதமல்ல. ஒவ்வொரு பருவத்திலும் வயலில் இறங்கிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சர்க்கார் பணம் செலவிட வேண்டும். சொல்லிக் கொடுப்பவனுக்கு மருந்து விற்பதில் லாபம் இருக்கக்கூடாது. நிலமில்லாத கூலிக்காரனுக்கும் பெண்களுக்கும் அந்தப் பள்ளியில் சம இடம் இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே! அடுத்த முறை யாராவது புட்டியோடு வந்தால், ஐந்து பேர் சேர்ந்து வயலில் இறங்குங்கள். தூரைப் பிரித்து, எத்தனை புகையான், எத்தனை எட்டுக்கால் பூச்சி என்று எண்ணுங்கள். ஒரு மூலையைத் தெளிக்காமல் விட்டு, அறுத்துத் தூற்றி அளந்து பாருங்கள். எண்ணத் தெரிந்தவனை எவனும் எளிதில் ஏமாற்ற முடியாது.