பதம் வராத வயலில் சக்கரம் இறங்கலாமா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், விவசாய உபகுழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பத்தியெல்லாம் மாசா மாசம் பேசுகிறோம். இன்னைக்கு டிராக்டர் சக்கரத்தைப் பத்திப் பேச வந்திருக்கோம். "அது ஆம்பிளைங்க சமாச்சாரமாச்சே"ன்னு யாரும் நினைக்க வேண்டாம். உழவு முடிஞ்சதும் வண்டி போயிடுது. அதுக்கப்புறம் விதை போடுறது, களை எடுக்கிறது, காய் பிடுங்குறது பெரும்பாலும் நாமதான். எந்த இடத்தில் களைக்கொத்து இறங்கலை, எந்த வரிசையில் செடி மஞ்சளா நிக்குதுன்னு நம்ம கைக்குத் தெரியும். நம்மில் பலருக்கு உழவுக் கூலி குழுவில் வாங்கின கடனிலிருந்துதான் போகுது. கடன் வாங்கி உழுத உழவே விளைச்சலைக் குறைச்சா, வட்டியை யார் கட்டுறது?

மண் எப்படி இறுகுது?

ஒரு படி நல்ல மண்ணை எடுத்தா, அதில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதிப் பாதி சின்னச் சின்ன இடைவெளி. தண்ணியும் காத்தும் அதில்தான் இருக்கு. வேர் ஓடுறதும் மண்புழு போறதும் அந்த வழியாத்தான். மேலே பாரம் ஏறும்போது முதலில் நசுங்குறது இந்த இடைவெளிகள்தான்.

காய்ந்த மண் பாரத்தை ஓரளவு தாங்கும். ஈர மண் தாங்காது. துகள்கள் வழுக்கி ஒண்ணோட ஒண்ணு நெருங்கிடும். செங்கல் அறுக்கிற இடத்தில் என்ன பண்ணுறாங்க? மண்ணை ஈரமாக்கி மிதிச்சு, அச்சில் அழுத்தி, வெயிலில் காய வைக்கிறாங்க. ஈர வயலில் வண்டி ஓட்டிக் காயவிட்டா நடக்கிறதும் அதேதான்.

இன்னொண்ணும் முக்கியம். சக்கரம் முதல் தடவை ஏறும்போதே பெரும்பகுதி கெடுதல் நடந்து முடிஞ்சிடுது. "ஒரே ஒரு சுத்துதானே"ன்னு விட முடியாது.

டயருக்கும் இதில் என்ன சம்பந்தம்?

இதில் காத்து, பாரம்னு ரெண்டு விஷயம் இருக்கு.

முதலில் காத்து. டயருக்குள் எத்தனை பவுண்டு காத்து இருக்கோ, ஏறக்குறைய அந்த அளவு அழுத்தம்தான் மேல்மண்ணில் விழும். காத்து அதிகமானா டயர் விறைச்சு, கொஞ்ச இடத்தில் மட்டும் தரையைத் தொடும். அளவாக இருந்தா டயர் பரந்து உட்காரும், பாரம் பகிர்ந்து போகும். சேத்தில் பலகை போட்டு நடந்தா கால் புதையாது இல்லையா, அது மாதிரி. ரோட்டில் லோடு அடிக்கிறதுக்காக ஏத்தின காத்தோடவே வண்டியை வயலில் இறக்குறது நம்ம ஊர்களில் சாதாரணமா நடக்குது. வயலுக்கு எத்தனை, ரோட்டுக்கு எத்தனைன்னு வண்டிக் கையேட்டில் தனித்தனியா போட்டிருப்பாங்க. அந்த அளவுக்குக் கீழேயும் குறைக்கக் கூடாது, டயர் கெட்டுப்போகும்.

ரெண்டாவது பாரம். 40 குதிரைத்திறன் டிராக்டர் ஏறக்குறைய 2 டன் இருக்கும். வழுக்காம இழுக்கணும்னு பின் டயரில் தண்ணி அடைச்சிருப்பாங்க. டயர் அளவைப் பொறுத்து ஒரு டயருக்கு 150, 200 லிட்டர் வரைக்கும் பிடிக்கும். அதுக்கு மேல இரும்பு எடைக்கட்டும் இருக்கும். மேல்மண்ணை நசுக்குறது காத்தோட அழுத்தம். ஆழத்தில் அடிமண்ணை நசுக்குறது வண்டியோட மொத்தப் பாரம். மேல்மண்ணை அடுத்த உழவு ஓரளவு சரிபண்ணும். கலப்பை எட்டாத அடிமண் அப்படியே கிடக்கும். குளிர்காலத்தில் மண்ணே உறைந்து விரிகிற நாடுகளில்கூட, அடிமண் இறுக்கம் பல வருஷம் போகலைன்னு ஆராய்ச்சியில் கண்டிருக்காங்க.

டிராக்டரைவிட அதன் பின்னால் வர்ற டிரெய்லர் மோசம். எரு, கரும்பு, நெல்மூட்டைன்னு டன் கணக்கில் ஏத்தி வரும். அதுக்கு டயர் குறுகல், காத்தும் அதிகம். அதை நடுவயல் வரைக்கும் விடுறதை நாம சாதாரணமா எடுத்துக்கக் கூடாது.

பயிருக்கு என்ன ஆகுது?

இறுகின இடத்தில் வேர் கீழே போகாம பக்கவாட்டில் மடங்கும். பத்து நாள் மழை இல்லைன்னா அந்தச் செடிதான் முதலில் வாடும். மழை பெய்தா தண்ணி இறங்காம சக்கரத் தடத்திலேயே நிக்கும். காத்து இல்லாததால் வேர் மூச்சு முட்டும், போட்ட யூரியாவும் வீணாப் போகும். உளுந்து, பயறு, கடலைச் செடிகளின் வேர் முடிச்சுக்கும் காத்து வேணும். அது இல்லாட்டி முடிச்சு குறையும்.

நிலக்கடலைக்கு இது ரெட்டை நஷ்டம். பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். மண் கெட்டியா இருந்தா விழுது இறங்காது. இறங்கிக் காய்த்ததும், செடியைப் பிடுங்கும்போது மண்ணுக்குள்ளேயே அறுந்து நிக்கும். அதைக் கொத்தி எடுக்க இன்னொரு ஆள் கூலி.

நெல்லுக்குக் கணக்கு வேற. சேத்துழவில் கேஜ் வீல் ஓடி, அடியில் ஒரு கெட்டித் தட்டு உண்டாகும். தண்ணி நிக்க அது உதவுது. ஆனா அதே வயலில் அடுத்து உளுந்தோ பருத்தியோ போட்டா அந்தத் தட்டு வேரை மறிக்கும். அறுவடை நேரத்தில் ஈரம் காயலைன்னா டயர் மெஷினை இறக்க வேண்டாம். தொட்டி நிறைஞ்சா சில மெஷின் 8 டன்னுக்கு மேலே இருக்கும். பெல்ட் மெஷினுக்கு மணி வாடகை கூடுதல்தான். ஆனா அது பாரத்தைப் பரப்பி வைக்கும், வயலில் பள்ளம் விழுறது குறையும்.

நாமே செய்யக்கூடிய ரெண்டு சோதனை

ஒண்ணு, உருண்டைச் சோதனை. வண்டி இறங்கும் முன்னாடி, ஒரு சாண் ஆழத்திலிருந்து மண்ணை எடுங்க. மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், அதனால்தான் ஆழத்தில் எடுக்கணும். கையில் பிடிச்சு உருட்டி, கட்டைவிரலால் அழுத்துங்க. பொலபொலன்னு உதிர்ந்தா பதம். உதிராம விரல் பள்ளம் மட்டும் விழுந்தா இன்னும் ரெண்டு, மூணு நாள் பொறுங்க.

ரெண்டு, கம்பிச் சோதனை. நல்ல மழை பெய்த மறுநாள், மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் குத்திப் பாருங்க. சக்கரத் தடத்தில் ஒரு இடம், தடம் படாத இடம் ஒண்ணு. எத்தனை விரற்கடையில் கம்பி நிக்குதுன்னு ஒப்பிட்டா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனியா ஒருத்தி போய் "ஈரமா இருக்கு, நாளைக்கு வாங்க தம்பி"ன்னு சொன்னா, "இன்னைக்கு விட்டா பத்து நாள் ஆகும்கா"ன்னு டிரைவர் சொல்லுவார். பயந்து சரின்னுடுவோம். பத்துப் பேர் நிலத்துக்கும் சேர்த்து ஒரே வண்டி பேசினா நிலைமை மாறும். முன்னாடி கேட்டவங்களுக்கு முன்னாடின்னு இல்லாம, மேட்டு நிலம் முதலில், பள்ள நிலம் கடைசியில்னு பதம் வர்ற வரிசையில் உழச் சொல்லலாம். வண்டிக்கும் நாள் வீணாகாது.

பேசும்போதே இதையும் சொல்லிடுங்க:

- காத்தை வயல் அளவுக்குக் குறைச்சுட்டு இறங்கணும். தேவையில்லாத எடைக்கட்டைக் கழட்டணும்.
- டிரெய்லர் வரப்போரத்தில் அல்லது பாதையிலேயே நிக்கணும்.
- போறதும் வர்றதும் திரும்புறதும் ஒரே தடத்தில் இருக்கணும். நாலு பக்கமும் சுத்தக் கூடாது.
- ரோட்டவேட்டரை ஒவ்வொரு பருவமும் ஒரே ஆழத்தில் ஓட்டினாலும் அடியில் தட்டு விழும். கலப்பையையும் ஆழத்தையும் மாத்தி உழணும்.

ஏற்கனவே இறுகின தோட்டம், மானாவாரி நிலத்துக்கு உளிக்கலப்பை இருக்கு. மண் காய்ந்திருக்கும்போது அரை மீட்டர் இடைவெளியில், முதலில் ஒரு பக்கம், அப்புறம் குறுக்கே உழணும். 3 வருஷத்துக்கு ஒரு தடவை போதும். கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அல்லது மக்கிய தென்னைநார்க் கழிவு போடணும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகைக்குக் கேளுங்க. நெல் மட்டுமே போடுற வயலில் இதைச் செய்தா தண்ணி நிக்காது, கவனம்.

கடைசியா, சொந்தமா டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. தவணைத் தேதி நெருங்கும்போது, ஈரமோ காய்ச்சலோ வண்டி ஓடினா சரின்னு தோணும். ஆனா அந்த வயல் நம்ம உறுப்பினரோடதுதான். வண்டி ஓடின மணிக்கணக்கு இன்னைக்கு நோட்டில் வரவாக ஏறும். அதே வயலில் விளைச்சல் குறைஞ்சா, அந்த உறுப்பினரோட கடன் நிலுவையாகி அடுத்த பக்கத்தில் நிக்கும். அதனால் தவணையை மழைக்காலத்துக்கு ஏத்த மாதிரி முன்கூட்டியே திட்டம் போடுங்க. வறண்ட மாசங்களில் கூடுதலா ஒதுக்கி வையுங்க.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, "பதம் பார்த்த பிறகே வண்டி" என்று தீர்மான நோட்டில் எழுதணும்னு கேட்டுக்கிறோம். அடுத்த உழவுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்க. அதுக்குச் செலவு ஒண்ணும் இல்லை.