பாசியும் நஞ்சும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியில் வளர்ந்த மாணவி ஒருத்தி, கடற்பாசியின் நஞ்சு மனித உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டத்துக்குப் படித்து வருகிறாள். "பாசியைப் பார்க்க இத்தனை வருஷப் படிப்பா?" என்று நம்மவர் சிலர் வினவினர். ரெயில்வே குமாஸ்தாவாகிய நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். எனினும் அவளிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்ததைக் கொண்டு விடை கூற முயல்கிறேன்.

கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கடலிற் கணக்கின்றி உள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை, மீன்களுக்கு அவையே ஆதாரம். சில இனங்கள் மட்டும் நஞ்சை உண்டாக்குகின்றன. அவை பெருகுங்கால், நீரை வடிகட்டி உண்ணும் சிப்பியும் மட்டியும் அந்நஞ்சைத் தம் உடலிற் சேர்த்துக்கொள்கின்றன. வேகவைத்தாலும் அது நீங்காது. மணமும் சுவையும் காட்டிக்கொடா. நம் தாய்மார்கள் எத்துணைக் கைதேர்ந்தவர்களாயினும் அடுப்பங்கரையில் இதனைக் கண்டுபிடித்தல் இயலாது. 1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் மட்டி உண்டோருள் மூவர் மாண்டனர். அது நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும் நஞ்சு.

1987-ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவில் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். பிழைத்தோருள் சிலர், புதிதாக நடப்பது எதையும் நினைவில் நிறுத்த இயலாதவராயினர். வயிற்றுக்குச் சென்ற உணவு நினைவை அழிப்பதாவது! அச்சிப்பியின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை பின்னங்காலால் தோளைச் சொறிந்தன. முன்னறிந்த சிப்பி நஞ்சுகளுக்கு இக்குறி இல்லை. ஹாலிபாக்ஸ் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தார் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்து, சில நாட்களிலேயே அது டோமோயிக் அமிலம் என்று கண்டனர். ஜப்பானில் குடற்புழுவுக்கு மருந்தாக வழங்கிய ஒரு பாசியில் முன்னமே அறிந்த பொருள்தான் அது!

இன்று அந்நாட்டில் சிப்பி இறைச்சியைச் சோதித்து, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருப்பின் விற்பனையைத் தடுக்கின்றனர். ஆனால் அவ்வளவு, ஒருவேளை உணவால் உடனே விளையும் கேட்டை எண்ணி வகுத்தது. கடற்கரையில் வாழ்வோர் வாரந்தோறும் சிப்பி உண்பவர்கள். வரம்புக்குட்பட்ட சிறு அளவு ஆண்டுக்கணக்கில் உடலிற் சென்றால் அவர்தம் நினைவாற்றல் குன்றுமா? நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பாசிகளை ஒவ்வொன்றாக எண்ணும் நம் மாணவி விடை தேடுவது இவ்வினாவுக்கே.