யாருக்கு ஓய்வு?

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு வானொலி மறையுரை. நற்செய்தி: மாற்கு 6:30-34)



இன்றைய நற்செய்தியில், பணிக்கு அனுப்பப்பட்ட பன்னிரு திருத்தூதரும் திரும்பி வருகிறார்கள். களைத்துப் போயிருக்கிறார்கள். வருவோரும் போவோருமாகக் கூட்டம். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடக்கூட நேரமில்லை. அதைப் பார்த்த ஆண்டவர், ஆள் நடமாட்டமில்லாத ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாற அவர்களை அழைக்கிறார். செபியுங்கள், நோன்பிருங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஓய்வெடுக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

நம் பங்கு மக்களில் சிலருக்கு ஓய்வெடுப்பதே பாவம்போல ஒரு குற்ற உணர்வு. குறிப்பாகத் தாய்மார்களுக்கு. பகலில் அரை மணி நேரம் படுத்தால்கூட, யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு இந்த நற்செய்தியை நான் அடிக்கடி வாசித்துக் காட்டுவதுண்டு. ஆண்டவரே அனுமதித்த ஒன்றுக்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆகவே விடுமுறைக்கு வெளியூர் போவதைக் கண்டிக்க நான் இன்று பேசவில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு இப்போதே முன்பதிவு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். முன்பெல்லாம் வேளாங்கண்ணி, ஊட்டி, கொடைக்கானல் என்று போனோம். இப்போது புதிதாக ஓர் ஆசை வந்திருக்கிறது. காட்டுக்குள் தங்க வேண்டும்; மூங்கில் குடிசை வேண்டும், மரத்தின்மேல் வீடு வேண்டும், இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார வேண்டும். நற்செய்தி சொல்லும் அந்த ஆள் நடமாட்டமில்லாத இடத்தைத்தான் மக்கள் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தேடல் நல்லதுதான்.

கடந்த மே மாதம் நானும் அப்படி ஓர் இடத்தில் இரண்டு இரவுகள் தங்கினேன். என் தங்கைக்குத் திருமண வெள்ளிவிழா. அவளுடைய மகன் முதுமலைக்குப் பக்கத்தில் ஒரு காட்டு விடுதியில் அறைகள் எடுத்து, "மாமா, நீங்க வந்து பூசை வச்சே ஆகணும்" என்று அழைத்துப் போனான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மசினகுடி. குளிர் குறைந்து, முள்மரங்களும் காய்ந்த புல்லுமாக வேறொரு நாட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கும்.

விடுதி அழகாகத்தான் இருந்தது. மூங்கில் தட்டிச் சுவர், புல் வேய்ந்த கூரை, வாசலில் அரிக்கேன் விளக்கு. மூங்கில் தட்டிக்குப் பின்னால் சிமெண்டுச் சுவர் இருந்தது. அரிக்கேனுக்குள் மின்சார பல்பு எரிந்தது. புல் கூரைக்குக் கீழே ஏசி ஓடியது. காலையில் மண்சட்டியில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வந்தன. எங்கள் பாட்டி காலத்தில் இதற்கு வறுமை என்று பெயர். இங்கே அனுபவம் என்று பெயர் வைத்து, அதற்குத் தனியாக ஒரு விலையும் வைத்திருக்கிறார்கள்! என் மைத்துனர் பில்லைப் பார்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். எப்படியும் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். என் தங்கை இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

அறையைக் கூட்டித் துடைக்க வந்த ஒரு சகோதரி, பிள்ளைகள் என்னை "ஃபாதர் மாமா" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, துடைப்பத்தைக் கீழே வைத்து முழங்காலிட்டு ஆசீர் கேட்டார். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடும்பம். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பேத்தி. கோயிலுக்குப் போகிறீர்களா அம்மா என்று கேட்டேன். "பொங்கலுக்கு முந்திக் கண்ட பூசைதான் சாமி. சனி ஞாயிறுதானே இங்க கூட்டம்? ஈஸ்டருக்கும் லீவு கேட்டேன். அன்னைக்கு ரூம் எல்லாம் ஃபுல்லுன்னு சொல்லிட்டாங்க" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திண்ணையில் வெள்ளிவிழாத் திருப்பலி வைத்தோம். மேலாளரிடம் கேட்டேன், வேலையாட்களில் விருப்பமுள்ளவர்கள் அரை மணி நேரம் வரலாம் என்று அனுமதித்தார். மூன்று பேர் வந்தார்கள். காணிக்கைப் பாடல் முடிவதற்குள் அந்தச் சகோதரியை வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்பதாம் எண் அறையில் வெந்நீர் வரவில்லையாம். நற்கருணை வாங்க அவர் திரும்பி வரவில்லை.

சகோதர சகோதரிகளே, ஒன்பதாம் எண் அறையில் இருந்தவர் கெட்டவர் அல்லர். வாரமெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர், பணம் கட்டியிருக்கிறார், வெந்நீர் கேட்டார். அவருடைய ஞாயிறு அவருக்குக் கிடைத்தது. அது யாருடைய ஞாயிற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது.

திருவிவிலியம் ஓய்வுநாளைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தில்தான் மிகக் கவனமாக இருக்கிறது. இணைச்சட்டம் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நீ ஓய்வெடு என்பதோடு கட்டளை நிற்பதில்லை. உன் வேலையாளும் உன்னைப் போலவே ஓய்வெடுக்க வேண்டும் என்கிறது. காரணமும் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே. விடுதலைப்பயணம் 23ஆம் அதிகாரம் இன்னும் விரிவானது. மாடு, கழுதை, அடிமைப் பெண்ணின் பிள்ளை, வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர் ஆகிய எல்லாரும் அந்த நாளில் மூச்சுவிட வேண்டும். குடும்பத் தலைவன் மட்டும் கட்டிலில் படுத்திருக்க, மற்றவர்கள் அவனுக்குப் பணிவிடை செய்யும் நாளுக்கு, பழைய ஏற்பாட்டில் ஓய்வுநாள் என்ற பெயரே கிடையாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 237ஆம் பத்தியில், ஞாயிறு ஓய்வைப் பற்றிப் பேசும்போது இந்த விடுதலைப்பயணப் பகுதியைத்தான் நினைவூட்டுகிறார்.

அதே 23ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளுக்குச் சற்று முன்னதாக, ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விடும் சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டு தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும். அவர்கள் விட்டது காட்டு விலங்குகளுக்கு. வீட்டு மாட்டைப் பற்றிய அக்கறையாவது நமக்குப் புரிகிறது. மாடு நமக்கு உழைக்கிறது. காட்டு விலங்கு நமக்கு என்ன செய்தது? ஒன்றுமில்லை. ஆனாலும் ஆண்டவரின் சட்டத்தில் அதற்குப் பங்கு இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த நிலத்தைப் பாருங்கள். நீலகிரி மலைக்கு வடக்கே உள்ள அந்தப் பகுதிக்குச் சீகூர் பீடபூமி என்று பெயர். தெற்கே செங்குத்தான மலை. வடக்கே மாயாறு ஓடும் ஆழமான பள்ளத்தாக்கு. ஒருபுறம் முதுமலை, பந்திப்பூர் காடுகள். மறுபுறம் சத்தியமங்கலம் காடு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் யானைகளுக்கு, நடுவில் இருக்கும் இந்தக் குறுகிய நிலம்தான் பாதை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ வரை தீனி வேண்டும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்தக் காடு தாங்காது, அதனால் நடக்கிறது. கூட்டத்தில் மூத்த பெண் யானை முன்னால் போக, மற்றவை பின்தொடரும். இன்றைய பதிலுரைப் பாடலில் நல்ல ஆயர் மந்தையைப் புல்லுக்கும் நீருக்கும் அழைத்துப் போவதைப் பாடினோம். அங்கே அந்த வேலையை ஒரு கிழட்டு யானை செய்துகொண்டிருக்கிறது. வழியில் வேலி வந்துவிட்டால் அது என்ன செய்யும்?

அந்த வழித்தடத்தைத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதி உரிமையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2020 அக்டோபர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அது யானைகளின் வழிதான் என்று தீர்ப்பளித்து, தனித்தனி மனுக்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 சனவரியில், மசினகுடியில் ஒரு காட்டு யானை இறந்தது. முதுகிலும் காதிலும் காயம். சிகிச்சைக்காக லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வனப் பணியாளர் அழும் காட்சியை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். சில நாளில் இன்னொரு காட்சி வெளிவந்தது. இரவில் ஒரு தங்குமிடத்துக்கு அருகே வந்த அந்த யானையை விரட்ட, தீப்பற்றிய டயரை அதன்மேல் எறிகிறார்கள். எரிந்துகொண்டே அது காதோடு ஒட்டிக்கொள்ள, யானை இருட்டில் ஓடுகிறது. யானையைப் பார்க்கலாம் என்று சொல்லித்தானே அந்தப் பக்கத்தில் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள்? அது வந்தபோது கிடைத்த வரவேற்பு இது.

திருப்பாடல் 104 நாளை இரண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இருள் வந்ததும் காட்டு விலங்குகள் வெளியே வந்து இரை தேடும். கதிரவன் எழுந்ததும் அவை குகைக்குத் திரும்ப, மனிதர் வேலைக்குப் போய் மாலைவரை உழைப்பர். பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு. சண்டையில்லாத ஏற்பாடு. நாங்கள் தங்கிய முதல் இரவு, பக்கத்து விடுதியில் பதினொரு மணிவரை ஒலிபெருக்கியில் பாட்டு. எங்கள் விடுதிக்கே ஒரு ஜீப்காரர் வந்து, இரவில் காட்டுக்குள் கூட்டிப் போய் விளக்கடித்து விலங்கு காட்டுவதாக விலை பேசினார். வனத்துறை அனுமதிக்காத வேலை அது. என் மருமகன் கேட்காமலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். அவனை அன்றைக்கு மனதாரப் பாராட்டினேன்.

விடுதிகளை எல்லாம் மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சில விடுதிகள் முத்திரையிடப்பட்டன. ஒரு விடுதியை மூடும்போது, துடைப்பம் பிடிக்கும் சகோதரிக்கும் சமையல்காரருக்கும் இரவுக் காவல்காரருக்கும் என்ன நடக்கும்? முதலாளிக்கு வேறு ஊரில் வேறு தொழில் இருக்கும். இவர்களுக்கு அடுத்த மாத அரிசிக்கு வழி வேண்டும். அவர்களைத் தீர்ப்பு வந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடுவதும், ஓய்வுநாள் சட்டம் பேர் சொல்லிக் குறிப்பிட்ட அந்த வேலையாளையும் வந்தேறியையும் மறப்பதுதான். யானைக்கு வழிவிடுவதும் இவர்களுக்கு வேலை தருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அதற்கு அரசும் முதலாளிகளும் பணம் செலவழிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நற்செய்திக்கு வருகிறேன். சீடர்கள் படகேறி அந்தத் தனிமையான இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், மக்கள் கரை வழியாக ஓடி முன்னதாகவே அங்கே வந்து நிற்கிறார்கள். திட்டமிட்ட ஓய்வு போயிற்று. ஆண்டவர் எரிச்சல்படவில்லை; ஆயரில்லா ஆடுகள் போலிருந்த அவர்கள்மேல் பரிவு கொள்கிறார். இன்றைய வாசகம் அதோடு முடிகிறது. வீட்டுக்குப் போய் அடுத்த பத்தியையும் வாசியுங்கள். அதே இடத்தில்தான் ஐயாயிரம் பேரைப் பச்சைப் புல்லில் உட்காரவைத்து அப்பம் கொடுக்கிறார். ஓய்வெடுக்க வந்த சீடர்கள் பரிமாறுகிறார்கள். ஓடிவந்து களைத்த மக்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அந்த அளவுக்கு நம்மிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. சிறிய காரியங்களைக் கேட்கிறேன். அறை பதிவு செய்யும்போது ஏசி இருக்கிறதா, நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்கிறோம். அதே தொலைபேசியில் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் இடம் யானை வழித்தடத்தில் இருக்கிறதா? உங்கள் வேலையாட்களுக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை? பத்துப் பேர் கேட்டால் மேலாளர் முதலாளியிடம் சொல்வார். முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வார நாளில் போங்கள், வாடகையும் குறைவு. காட்டில் இரவு ஒன்பதுக்குப் பாட்டை நிறுத்திவிடுங்கள். மீந்த சோற்றையும் பழத்தோலையும் வேலியோரம் கொட்டாதீர்கள். அந்த வாசனைக்கு யானை வரும், அதை விரட்ட யாரோ தீயை எடுப்பார்கள். அறையைத் துடைக்க வருகிறவரின் பெயரைக் கேளுங்கள். அவர் கிறிஸ்தவராக இருந்து, நீங்கள் ஞாயிறு திருப்பலிக்குக் காரில் போவதாக இருந்தால், ஓர் இருக்கை காலியாக இருக்கிறதா பாருங்கள். மேலாளரிடம் நீங்களே அனுமதி கேளுங்கள். விருந்தினர் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

கூடலூர்ப் பக்கத்து அந்தச் சகோதரிக்காக இன்று நம் திருப்பலியில் ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்வோம். பெயர் சொல்லத் தேவையில்லை, ஆண்டவருக்குத் தெரியும். உங்கள் பயணங்களில் இறைவன் உங்களோடு இருப்பாராக. ஆமென்.