பொருளுக்குள்ளேயே இருக்கும் பொறுப்பு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

விழுப்புரத்திலிருந்தும் நண்பர்கள் வந்திருக்கிறீர்கள். இந்த வெயிலில் பஸ் பிடித்துத் திண்டிவனம் வருவது லேசில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பொறுப்புள்ள நிறுவனங்கள்’. பெரிய தலைப்பு. நான் நம் கழிவுநீர்க் குழாயிலிருந்து தொடங்குகிறேன். இந்த வருஷம் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. ஆள் வைத்து எடுத்தோம். உள்ளேயிருந்து வந்தது நாப்கின். இந்தச் சொல்லை மைக்கில் சொன்னதும் பின்வரிசையில் சிலர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். பரவாயில்லை. அடைப்பு எடுத்த கூலி எல்லார் வீட்டுப் பராமரிப்புப் பணத்திலிருந்தும்தான் போயிற்று. அதனால் இது எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு. நாற்பது வீடு, வீட்டுக்கு ஒருவர், மாதம் பத்து நாப்கின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 400, வருஷத்துக்கு 4,800. மேலுறை பிளாஸ்டிக், அடியுறை பிளாஸ்டிக், நடுவில் ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்ளும் ரசாயனம். டாய்லெட்டில் போட்டால் குழாயை அடைக்கும். குப்பையில் போட்டால் மக்காது. சுற்றாமல் அப்படியே போட்டால், காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா அதைக் கையால் பிரித்தெடுக்கிறார். கையுறை இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு.

இதைச் செய்து விற்றவர்களுக்கு இதில் பங்கு இல்லையா? உண்டு என்றுதான் சட்டம் சொன்னது. நாப்கின், டயப்பர் தயாரிக்கிறவர்கள் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளில் அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. உறை கொடுப்பது சுலபம். பொருளையே மாற்றுவது கஷ்டம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘கம்பெனிகள்தான் சமூகப் பணிக்குப் பணம் ஒதுக்குகின்றனவே’ என்று சிலர் கேட்பீர்கள். ஒதுக்குகின்றன. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். நல்ல சட்டம்தான். பள்ளிகளுக்குக் கட்டடமும் கழிப்பறையும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது லாபம் வந்த பிறகு எடுத்து வைக்கிற காசு. மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. நான் பேச வந்தது அந்த 98-ஐப் பற்றி.

அதுவும் நேர்க்கோடான விஷயம் இல்லை. பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது. கூலி வாங்கிய கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்ற பொருள் அது. அதில் சமூக நன்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதே மாதிரி பாக்கெட்டுகள் இன்று ஊர் ஊராக வாய்க்காலில் கிடப்பதையும் மறுக்க முடியாது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் குறைந்த செலவில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, பெண்கள் குழுக்களுக்கு விற்றார். 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எத்தனையோ பெண்களுக்கு வேலையும் கிடைத்தது, நாப்கினும் கிடைத்தது. பயன்படுத்திய பிறகு அது எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்தைக் கையில் எடுத்தவர்கள் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார்கள். இங்கிருந்து புதுச்சேரி ரோட்டில் கிளியனூர் தாண்டிப் போய், திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் திரும்பினால் ஆரோவில். அதைப் புதுச்சேரி என்றே பலர் நினைக்கிறோம். பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். அங்கே 2010-இல் தொடங்கிய நிறுவனம் ஈகோஃபெம். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின் செய்கிறார்கள். ரசாயனம் போடாமல் விளைந்த பருத்தி. தைக்கிறவர்கள் சுற்றுக் கிராமத்துப் பெண்கள்.

வெளிநாட்டில் ஒரு நாப்கின் விற்றால், இங்கே ஒரு வளரிளம் பெண்ணுக்கு ஒரு நாப்கின் கொடுப்பதற்கான பணம் அந்த விலையிலேயே சேர்ந்திருக்கும். வருஷக் கடைசியில் லாபத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிற தர்மம் அல்ல. விற்ற அன்றே கணக்கில் வந்துவிடுகிறது. கொடுக்கும்போதும் சும்மா கையில் திணிப்பதில்லை. மாதவிடாயைப் பற்றி முதலில் வகுப்பு எடுக்கிறார்கள். வசதி குறைந்த பெண்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கத் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது தானம்கூட இல்லை. வியாபாரியின் கண்ணால் பாருங்கள். வழக்கமான நாப்கின் விற்கிறவருக்கு வாடிக்கையாளர் மாதாமாதம் திரும்பி வர வேண்டும். இவர்கள் நாப்கின் எழுபத்தைந்து சலவை தாங்கும் என்கிறார்கள். மாதம் ஒன்றிரண்டு சலவை என்றாலும், ஒரு செட் வாங்கிய பெண் சில வருஷங்களுக்கு அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம். பொருள் நன்றாக இருக்க இருக்க விற்பனை குறையும்! நம் மளிகைக்கடைக்காரரிடம் இப்படி ஒரு யோசனை சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். பொறுப்பு பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். முதல் தடவை வாங்கும்போது கைக்காசு நிறையப் போகும். கசியாமல் இருக்க அடியில் மெல்லிய செயற்கைப் பூச்சு வைத்த வகையும் இருக்கிறது, ஆகவே எல்லாமே நூறு சதவீதம் பருத்தி இல்லை. துவைக்கத் தண்ணீர் வேண்டும். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிற நமக்கு அது சின்ன விஷயமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வெயிலில் காயப்போட வேண்டும். நிழலில், மூலையில், சேலைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தால் சரியாகக் காயாது, கிருமி தங்கும். நம் மொட்டை மாடிக் கொடியில் யார் துணிந்து போடுவார்கள்? அந்தத் தயக்கத்தை எந்த நிறுவனமும் வந்து தீர்க்க முடியாது. முழுக்க மாறச் சொல்லவில்லை. வேலைக்கும் வெளியூருக்கும் போகும் நாளில் கடை நாப்கினே இருக்கட்டும். இரவுக்கும் வீட்டில் இருக்கும் நாளுக்கும் மட்டும் மாற்றினாலும் அந்த 4,800 நன்றாக இறங்கும்.

அதே ஆரோவிலில் உபாசனா என்ற ஆடை நிறுவனம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்களுக்கு, வெட்டி மிஞ்சிய துணியில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று பெயர். அதை விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். நன்கொடையில் ஓடியது. மனதைத் தொடும் காரியம். ஆனால் நன்கொடையாளர் இருக்கும்வரைதான் அப்படி ஓட முடியும். விலை போட்டு விற்று, அந்த விலைக்குள்ளேயே நியாயத்தை வைப்பதுதான் நீண்ட நாள் நிற்கும் என்பது என் கட்சி.

கடைசியாக, பச்சை இலை படம். சோப்புத்தூள் முதல் குப்பைப் பை வரை எல்லாப் பாக்கெட்டிலும் இப்போது ஒரு இலை இருக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சும்மா போடக்கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. எது உகந்தது, பொருளா, மேலட்டையா, அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரம் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

சங்கத்திடம் மூன்று கேட்கிறேன். ஒவ்வொரு மாடியிலும் மூடி போட்ட தனித் தொட்டி. செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி வைத்துப் போட்டால், அந்த அக்கா பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது. இரண்டாவது, ஆரோவிலிலிருந்து விவரம் தெரிந்தவரை ஒரு நாள் அழைத்து, நம் பெண்களோடு பேசச் சொல்வது. அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரட்டும். மூன்றாவது, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே நல்ல வெயில் விழுகிற இடம் சும்மா கிடக்கிறது. அங்கே பெண்களுக்கென்று ஒரு கொடியும், பக்கத்து பில்டிங் பார்வை படாமல் ஒரு தட்டியும் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இடம் அளக்கப் போகிறோம். ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும், பின்வரிசையிலிருந்து வந்தாலும் சரி.