பூனையும் மாத்திரையும்

நம் நாட்டில் மருத்துவ நூல்களுக்குக் குறைவில்லை. நோயின் குறியைச் சொல்லும் நூல் உண்டு. மருந்தின் குணத்தை விளக்கும் நூல் உண்டு. பத்தியம் வகுக்கும் நூலும் உண்டு. ஆனால், நோயாளி மருந்துண்ண மறுத்து அலமாரியின் உச்சியில் ஏறி அமர்ந்துகொண்டால் என்ன செய்வது என்பதை எடுத்துரைக்கும் நூல் நம் வீடுகளில் இல்லை. அத்தகைய நோயாளியைப் பற்றித்தான் இன்று சில சொல்லப் புகுகின்றேன்.

பூசை என்றும் பூனை என்றும் நாம் வழங்கும் இவ்வுயிர், மனிதனோடு ஒரே கூரையின்கீழ் வாழ இசைந்ததே தவிர, அவன் ஏவலுக்கு ஆட்பட ஒருநாளும் இசைந்ததில்லை. நாய்க்குச் சோற்றுருண்டையில் மாத்திரையை வைத்து எறிந்தால், அது வாய் திறந்ததும் தெரியாது, விழுங்கியதும் தெரியாது. பூனையோ உருண்டையை மும்முறை முகர்ந்து பார்க்கும். சுற்றியுள்ள சோற்றை மட்டும் பழுதின்றித் தின்னும். மாத்திரையைத் தட்டின் நடுவே பிள்ளையார் பிடித்து வைத்தாற்போல் விட்டுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.

கால்நடை மருத்துவர் பத்து மாத்திரைகளைக் காகித உறையிலிட்டு, "காலை ஒன்று, மாலை ஒன்று" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார். அவர் மீது குறையில்லை; வெளியே இன்னும் பதினைந்து பேர் கூடைகளோடு காத்திருக்கின்றனர். வீடு வந்து சேர்ந்த பின்புதான் உண்மை விளங்குகிறது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது எலிகளின் கவலை; பூனைக்கு மாத்திரை கொடுப்பது யார் என்பது நம் கவலை. முதல் நாள் குடும்பமே கூடிப் போராடும். இரண்டாம் நாள் இருவர் எஞ்சுவர். மூன்றாம் நாள், "அதற்கு இப்போது தேவலை போல் இருக்கிறதே" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர் அதை மறுக்கமாட்டார். உறை அலமாரியில் ஏறிவிடும். பாதியில் நின்ற மருந்தால் அடங்காத நோய், அடுத்த வாரம் முன்னினும் வலுத்துத் தலைகாட்டும். வீட்டுப் பூனைகளுள் எத்தனையோ, மருந்து கிடைக்காமல் அன்று, கிடைத்த மருந்து தொண்டைக்குள் இறங்காமல் நலிகின்றன.

இதற்குப் பூனையின் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று சொல்வது முறையன்று. பூனை வேட்டையாடும் விலங்கு. அதே வேளையில், தன்னினும் பெரியவற்றுக்கு இரையாகும் சிறு விலங்கும் ஆகும். தன்னை ஒருவர் இறுகப் பற்றினாலே உயிருக்கு ஆபத்து வந்துற்றது என்று அதன் உடல் எண்ணிக்கொள்கிறது. அக்கணத்தில் நான்கு கால்களின் நகங்களும் பற்களும் வெளிப்படுவதில் வியப்பில்லை. தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்விச் செல்கிறதே என்று, வளர்ந்த பூனையைப் பிடரியைப் பற்றித் தூக்குவோர் உண்டு. வளர்ந்த பூனைக்கு அது அச்சத்தையே மிகுவிக்கும். இக்காலத்துப் பூனை மருத்துவர்கள் அதனை வேண்டாம் என்றே சொல்கின்றனர்.

இனி, தேனைப் பற்றி ஒரு சொல். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்து நாவில் தடவுவது நம் பாட்டிமார் கண்ட வழி. குழந்தைக்கு அது பலிக்கும், பூனைக்குப் பலிக்காது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மானெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை வெளியிட்டனர். இனிப்பை உணர்வதற்கு நாவில் இரு பகுதிகள் சேர்ந்த உறுப்பமைப்பு ஒன்று வேண்டும். அதில் ஒரு பகுதியை உண்டாக்கும் மரபணு பூனை இனத்தில் சிதைந்து போய்விட்டது. ஆகவே, சர்க்கரையும் தேனும் பூனையின் நாவுக்குச் சுவையற்ற பொருள்கள், புலிக்கும் அவ்வாறே. ஆனால் கசப்பை மட்டும் அது நன்றாக அறியும். மெட்ரோனிடசோல் போன்ற கசப்பு மாத்திரை நாவில் பட்டுக் கரைந்துவிட்டால், வாயில் நுரை தள்ளி எச்சில் ஒழுகும். கண்டவர்கள் நஞ்சு ஏறிவிட்டது என்று அலறுவர். பெரும்பாலும் அது கசப்பின் விளைவே. சில நிமிடங்களில் அடங்கிவிடும். மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துப் புகட்டுவது இக்காரணத்தால்தான் பெரும்பாலும் தோல்வியடைகிறது. முழு மாத்திரையாக விழுங்கினால் ஒரு கணத்தில் கடந்துபோகும் கசப்பை, நாமே வாய் முழுவதும் பரப்பிவிடுகிறோம்.

மற்றொரு பழக்கம் இதனினும் ஆபத்தானது. குழந்தையைக் காலில் கிடத்திச் சங்கில் மருந்து புகட்டியவர்களும், மாட்டின் தலையை உயர்த்தி மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றியவர்களும் நம்மிடையே உள்ளனர். அதே முறையில் பூனையை மல்லாக்கக் கிடத்தி நீர்மருந்தை வாயில் ஊற்றினால், அது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலைச் சென்றடையக்கூடும். எண்ணெய்ப் பொருளாயின் இன்னும் கேடு. இருமல்கூட எழாமல் உள்ளே இறங்கிவிடும். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட பூனை, நிமோனியாக் காய்ச்சலில் விழுவதுண்டு. நீர்மருந்தானால், முனை ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, பூனையின் தலை இயல்பான நிலையில் இருக்க, கோரைப் பல்லுக்குப் பின்னால் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடவேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லி லிட்டர் போதும். அது விழுங்கிய பின்னரே அடுத்த துளி.

மாத்திரைக்கு முறை வேறு. பூனையை மேசைமீது, அதன் பின்புறம் நம் உடலோடு ஒட்டியிருக்குமாறு அமர்த்த வேண்டும். பின்வாங்கி நழுவ அதற்கு இடமிராது. முகம் நம்மை நோக்காததால் அச்சமும் குறையும். இடக்கையைத் தலையின் மேலாக வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு கன்ன எலும்புகளில் பொருந்தப் பிடித்து, மூக்கு மேல்நோக்குமாறு தலையை மெல்லச் சாய்த்தால், கீழ்த்தாடை தானே சற்றுத் தளரும். வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாத்திரை இருக்க, நடுவிரலால் முன்பற்களை மெல்ல அழுத்தி வாயைத் திறந்து, நாவின் அடிப்பகுதியில், நடுவில் போடவேண்டும். நாவின் நுனியில் போட்டால் அது வெளியே வரும். பக்கத்தில் போட்டால் கன்னத்தில் ஒளிந்துகொள்ளும். பிறகு வாயை மூடித் தொண்டையைத் தடவிக் கொடுக்கலாம். நாவை நீட்டி மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், எலிகள் சூழ, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் பூனையைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி பூனையை நன்றாக அறிந்தவன். அதே தவமுகத்தோடு ஐந்து நிமிடம் உங்கள் எதிரில் அமர்ந்திருந்து, நீங்கள் கை கழுவப் போனதும் சோபாவின் அடியில் மாத்திரையைத் துப்பும் பூனைகள் இருக்கின்றன.

தேங்காய்ப்பூத் துண்டில் பூனையைச் சுற்றிக் கட்டிக்கொள்வது பலரும் சொல்லும் உபாயம். கிழிக்கும் பூனைக்கு அது வேண்டியதே. எனினும் அதனை முதல் நாளே கையாளுதல் நன்றன்று என்பது என் கருத்து. துண்டைக் கண்டதும் ஓடப் பழகிய பூனைக்கு மறுநாள் மருந்து கொடுப்பவர் பாடு பெரும்பாடு.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். விழுங்கிய மாத்திரை உடனே வயிற்றைச் சேர்ந்துவிடுவதில்லை. நீரின்றி விழுங்கியது பூனையின் உணவுக்குழாயிலேயே பல நிமிடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடும். டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின் ஆகிய மருந்துகள் அவ்வாறு தங்கினால் அவ்விடத்தைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கும். பின்னர் அப்பூனை தின்றதையெல்லாம் கக்கத் தொடங்கும். ஆகவே, மாத்திரை சென்றதும் ஐந்தாறு மில்லி லிட்டர் நீரைச் சிரிஞ்சால் கன்னத்தில் சிறுகச் சிறுக விடுங்கள். அல்லது உடனே சிறிது உணவு கொடுங்கள். மாத்திரையின் மேல் துளி நெய் தடவினால் வழுக்கிச் செல்லும்.

பால் கொடுக்கலாமே என்பீர்கள். கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமை சொன்னார். அதன் ஆசை பொய்யன்று. ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளைப் பாலோடு கொடுத்தால், சுண்ணாம்புச் சத்து அவற்றைப் பற்றிக்கொள்ள, மருந்தில் ஒரு பகுதி வீணாகும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். அவருடைய பூனைக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பூனைகளுக்கே உரிய கொரோனா நுண்மம் ஒன்று உடலுக்குள் உருமாறி விளைக்கும் நோய் அது. முன்னெல்லாம் அந்நோய் கண்ட பூனை பிழைப்பது மிக அரிது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சன் என்பாரும் அவர் குழுவினரும் 2019-ஆம் ஆண்டில், ஜி.எஸ். 441524 என்னும் மருந்தை 31 பூனைகளுக்கு ஊசியாகச் செலுத்தி, 25 பூனைகள் நெடுநாள் பிழைத்ததைக் கண்டு வெளியிட்டனர். பின்னர் அது மாத்திரையாகவும் வழங்கலாயிற்று. ஆனால் ஒரு நாள், இரு நாளன்று. அவர் பூனைக்கு 84 நாள் விடாமல் கொடுக்கவேண்டியிருந்தது. கைநடுக்கம் உள்ள எழுபது வயது அம்மையார், மூன்றரைக் கிலோ எடையுள்ள கோபக்காரப் பூனை, நாளுக்கொரு மாத்திரை. எண்ணிப் பாருங்கள்.

அவர் வலிமையை நாடவில்லை; நேரத்தை நாடினார். நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு, தையல் எந்திரத்தின் மேசைமீது, வேகவைத்த நெத்திலி மூன்று. முதல் மீன் வெறும் மீன். இரண்டாவதன் வயிற்றில் மாத்திரை. அதைப் பூனை வாயிலிட்டதும் மூன்றாவது மீன் மூக்கருகே வந்து நிற்கும். அடுத்ததைப் பற்றும் அவசரத்தில் முன்னதை ஆராயப் பொழுதிராது. உப்பின்றி நீரில் வேகவைத்த மீன் என்பதைக் கவனிக்கவேண்டும். குழம்பில் கிடந்த மீன் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கும். பத்தொன்பதாம் நாள் பூனை சூழ்ச்சியைக் கண்டுகொண்டது. அதன்பின் ஒரு வாரம் கையால்தான் கொடுத்தார். அதே மேசை, அதே நேரம், கொடுத்தவுடன் அதே மீன். பிறகு மீண்டும் மீனுக்குள் மாத்திரை. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு கிழித்து வந்தார். 84 கோடுகளும் நிறைந்தன. அந்தப் பூனை இப்போது எங்கள் மதில்மேல்தான் வெயில் காய்கிறது. என்னைக் கண்டால் அதற்குப் பிடிப்பதில்லை.

அவர் செய்யாத ஒன்றையும் சொல்லவேண்டும். பூனையின் அன்றாட உணவில் மருந்தை அவர் கலக்கவில்லை. கலந்தால் பூனை மருந்தை மட்டுமன்று, அவ்வுணவையே வெறுத்துவிடும். நோயுற்ற பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு முடிவாகிவிடக்கூடும்.

மருத்துவர் தந்த மாத்திரை இறங்கவில்லை என்று, வீட்டிலுள்ள மாத்திரையை எடுப்பவர்களும் உண்டு. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. குருதி பழுப்பு நிறமாகும்; ஈறுகள் கறுக்கும்; முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைக் குடிக்கப் போதுமானது. குழந்தைக்குரிய அளவு, கால் மாத்திரை என்றெல்லாம் கணக்கிட வேண்டாம். தெரியாமல் கொடுத்துவிட்டால் அந்நேரமே மருத்துவரிடம் ஓடவேண்டும். மாற்று மருந்து உண்டு.

போராட்டத்தில் பூனை கடித்துவிட்டால், சிறு கடிதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். ஊசி போன்ற பற்கள் கிருமிகளை ஆழத்தில் இறக்கிவிடும்; வெறிநோயும் பூனையால் பரவும். சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் காணவேண்டும்.

எவ்வளவு முயன்றும் மாத்திரை இறங்காத பூனைகள் உள்ளன. அதனை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதில் வெட்கம் ஏதுமில்லை. இரு வாரம் வரை உடலில் நின்று வேலை செய்யும் செஃபோவெசின் என்னும் ஊசிமருந்து இருக்கிறது. குடற்புழுவுக்கு, பூனையின் நாக்கு எட்டாத பிடரித் தோலில் சொட்டுச் சொட்டாக விடும் மருந்து இருக்கிறது. முதிய பூனைகளின் தைராய்டு நோய்க்குக் காதுமடலின் உட்புறம் தடவும் களிம்பும் உண்டு. தடவுபவர் கைக்கு ரப்பர் உறை அணியவேண்டும். எல்லா நோய்க்கும் இவை பொருந்தா. உங்கள் பூனையின் நோய்க்குப் பொருந்துமா என்று கேட்டறிய ஒரு கேள்விதான் செலவு. பாதி மாத்திரையைத் துப்பிவிட்டது என்றால், எவ்வளவு உள்ளே போயிற்று என்று ஊகித்து மறுபடியும் ஒன்றைக் கொடுத்துவிடாமல், துப்பியதை ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள்.